செய்தி சேனலின் சாய்வை அளப்பது எப்படி, மறுபக்கத்தை எங்கே தேடுவது

"எந்த சேனல் நடுநிலையானது?" என்ற கேள்வியோடு ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனால் தமிழ்நாட்டில் விடை கிடைக்காது. இங்கே செய்தித் தொலைக்காட்சி வளர்ந்த விதம் அப்படி. இதைவிட உருப்படியான கேள்வி ஒன்று உண்டு: இந்த சேனல் யாரைப் பற்றிய செய்தி வந்தால் சத்தம் குறைக்கிறது? அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும், கைபேசியில் ஸ்டாப்வாட்சும், ஒரு வாரமும் போதும்.

உரிமையாளரில் இருந்து தொடங்குங்கள்

1993-ல் தொடங்கிய சன் டி.வி., கருணாநிதியின் உறவினரான மாறன் குடும்பத்துடையது. 1999-ல் ஜெயா டி.வி. வந்தது. 2006-ல் பா.ம.க. சார்பில் மக்கள் தொலைக்காட்சி, 2007-ல் கலைஞர் டி.வி., 2010-ல் தே.மு.தி.க.வின் கேப்டன் டி.வி. என்று வரிசை நீண்டது. ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு கட்சி உடைந்தபோது ஜெயா டி.வி. சசிகலா குடும்பத்தின் பக்கம் நின்றது. அதனால் அ.தி.மு.க. தலைமைக்கு 2018-ல் நியூஸ் ஜெ தேவைப்பட்டது. இந்த வகையை எடைபோடுவது சுலபம். கொடி வெளியே தெரிகிறது.

கொடி தெரியாதவற்றில்தான் வேலை அதிகம். 2011-ல் தொடங்கிய புதிய தலைமுறை, எஸ்.ஆர்.எம். குழுமத்தைச் சேர்ந்தது. அக்குழுமத்தின் நிறுவனர் பாரிவேந்தர், இந்திய ஜனநாயகக் கட்சியையும் நிறுவியவர். 2019-ல் பெரம்பலூரில் உதயசூரியன் சின்னத்தில் நின்று வென்றார். 2024-ல் அதே தொகுதியில் பா.ஜ.க. கூட்டணியில் நின்று தோற்றார். நியூஸ் 18 தமிழ்நாடு, ரிலையன்ஸ் கட்டுப்பாட்டில் உள்ள நெட்வொர்க் 18-ஐச் சேர்ந்தது. என்.டி.டி.வி. 2022 டிசம்பரில் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. கல்லூரி, சுரங்கம், துறைமுகம், தொலைத்தொடர்பு என்று அரசின் அனுமதியை நம்பி நடக்கும் தொழில் உரிமையாளருக்கு இருந்தால், அந்த சேனலின் தயக்கம் கட்சியை ஒட்டி இருக்காது. சென்னையிலும் டெல்லியிலும் அப்போது ஆட்சியில் யார் இருக்கிறார்களோ அவர்களை ஒட்டி இருக்கும்.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் உண்டு. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் அனுமதி பெற்ற சேனல்களின் பட்டியல் இருக்கிறது. சேனல் பெயருக்குப் பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயரை கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடினால் இயக்குநர்களின் பெயர்கள் கிடைக்கும். பங்குச்சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் காலாண்டுக்கு ஒருமுறை பங்குதாரர் விவரத்தை வெளியிட்டாக வேண்டும். பலரும் மறந்துவிடும் இன்னொரு இடம், வேட்பாளர்கள் தேர்தல் ஆணையத்திடம் தரும் படிவம் 26. எந்தெந்த நிறுவனங்களில் தனக்கும் துணைவருக்கும் பங்கு இருக்கிறது என்பதை அதில் எழுத வேண்டும்.

உரிமையாளரைத் தெரிந்துகொண்டதும் எல்லாம் புரிந்துவிட்டதாக நினைப்பது முதல் தவறு. 2007 மே மாதம் மாறன் குடும்பத்தின் தினகரன் நாளிதழ், கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று வெளியிட்ட கருத்துக்கணிப்பை அடுத்து அதன் மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். மாறன் சகோதரர்களும் கருணாநிதியும் பிரிந்தார்கள். செப்டம்பரில் கலைஞர் டி.வி. ஒளிபரப்பைத் தொடங்கியது. குடும்பம் ஒன்று என்பதால் குரலும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்று கணக்குப் போட்டவர்கள் அந்த ஆண்டு குழம்பிப்போனார்கள். கூட்டணி மாறும்போதும், வழக்கு வரும்போதும், உரிமம் புதுப்பிக்கும் நேரத்திலும் சேனலின் தொனி மாறும். ஆகவே உரிமையாளர் விவரத்தை ஒரு ஊகமாக மட்டும் வைத்துக்கொண்டு, அது சரியா என்று திரையில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வாரச் சோதனை

மூன்று சேனல்களைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று ஆளும் தரப்போடு தொடர்புள்ளது, ஒன்று எதிர்த்தரப்போடு தொடர்புள்ளது, ஒன்று பெரிய வணிகக் குழுமத்துடையது. நான்காவதாக தூர்தர்ஷன் தமிழையோ பி.பி.சி. தமிழையோ ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். தூர்தர்ஷனும் மத்திய அரசின் குரல்தான். ஆனால் அதன் சாய்வு வேறு திசையில் இருப்பதால் ஒப்பிட உதவும்.

யூடியூபில் சேனல்கள் தனித்தனியாக ஏற்றும் துண்டுக் காணொளிகளை வைத்து இதைச் செய்யாதீர்கள். அவை பார்வை எண்ணிக்கைக்காகப் பொறுக்கி எடுத்தவை. நேரலை ஓடையைத் திறந்து பின்னோக்கி இழுத்து, அன்றைய இரவுச் செய்தி அறிக்கையின் முதல் பத்து நிமிடங்களைப் பாருங்கள். சில சேனல்கள் பின்னோக்கி இழுக்கும் வசதியை நிறுத்தி வைத்திருக்கும். அவற்றை நேரத்துக்கு உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

நோட்டில் ஐந்து பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள்.

1. செய்தி எத்தனையாவது இடத்தில் வந்தது.
2. எத்தனை விநாடி ஓடியது.
3. யாருடைய பேட்டித் துண்டு வந்தது, எத்தனை விநாடி.
4. அவர் பேசியதைச் சொல்ல என்ன வினைச்சொல் போட்டார்கள்.
5. பின்னணியில் என்ன காட்சி ஓடியது.

ஐந்து நாட்களாவது எழுதுங்கள். அதில் ஒரு நாளாவது, அந்த சேனலின் உரிமையாளருக்கு நெருக்கமான கட்சிக்குச் சங்கடமான செய்தி வந்த நாளாக இருக்க வேண்டும். சாதாரண நாளில் எல்லா சேனலும் நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். அமலாக்கத் துறை சோதனை, நீதிமன்றக் கண்டனம், கள்ளச்சாராயச் சாவு, உள்கட்சிச் சண்டை இவை வரும் நாளில்தான் பத்திகள் பேசும்.

விநாடிக் கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதுதான் இதில் பரவலாக நடக்கும் பிழை. ஆட்சியில் இருப்பவர் தினமும் ஏதாவது திறந்து வைப்பார், அறிவிப்பார், ஊருக்குப் போவார். அவருக்கு நேரம் கூடுதலாகக் கிடைப்பது இயல்பு. அதனால் முதல்வர் தோன்றிய மொத்த நேரத்தை விட்டுவிட்டு, அவரைப் பற்றிய குற்றச்சாட்டு வந்த செய்திகளை மட்டும் தனியே எடுங்கள். குற்றம் சொன்னவரின் குரல் நேரடியாக ஒலித்ததா, இல்லை செய்தி வாசிப்பவர் ஒரு வரியில் சுருக்கிச் சொல்லிவிட்டு மறுப்புக்கு முழு நேரம் கொடுத்தாரா? குற்றச்சாட்டு முந்தைய நாள் வரவே இல்லாமல், மறுநாள் மறுப்பு மட்டும் "பதிலடி" என்று வந்தால் அதை அடிக்கோடிடுங்கள். சாய்வு இதைவிடத் துலக்கமாக அகப்படுவது அபூர்வம். பார்வையாளருக்கு எதற்கான பதில் என்றே தெரியாமல் பதில் மட்டும் போய்ச் சேர்கிறது.

வினைச்சொல் பத்தியில் ஒரு மாற்றிப்பார்க்கும் சோதனை இருக்கிறது. "விளக்கம் அளித்தார்", "மழுப்பினார்", "கொந்தளித்தார்", "அலறல்", "அம்பலம்", "சாட்டையடி" ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, கட்சிப் பெயரை மட்டும் எதிர்க்கட்சியின் பெயராக மாற்றி வாசியுங்கள். அந்த சேனல் அந்த வரியை அப்படியே படிக்குமா? படிக்காது என்று தோன்றினால் அந்தச் சொல் கருத்து, செய்தி அல்ல. கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது "கள்ளச்சாராயம்" என்றால் கண்காணிக்கத் தவறிய காவல்துறையும் அரசும் நினைவுக்கு வரும். "விஷச்சாராயம்" என்றால் மெத்தனாலைக் கலந்து விற்றவன் நினைவுக்கு வருவான். இரண்டுமே பொய் இல்லை. எந்த சேனல் எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்பதைத்தான் நோட்டில் எழுத வேண்டும்.

காட்சிப் பத்திக்குப் பழைய உதாரணம் ஒன்றே இன்றுவரை நல்ல பாடம். 2001 ஜூன் 30 அதிகாலையில் கருணாநிதி கைது செய்யப்பட்டார். அவர் இழுத்துச் செல்லப்படும் காட்சியை சன் டி.வி. திரும்பத் திரும்பக் காட்டியது. ஜெயா டி.வி., காவல்துறை எடுத்த காட்சியை ஒளிபரப்பி, கருணாநிதி தரப்பினர்தான் காவலர்களைத் தாக்கினார்கள் என்றது. கேமரா எங்கே நின்றது, எங்கே தொடங்கி எங்கே வெட்டினார்கள் என்பதில் கதையே மாறிப்போனது. இன்றும் கூட்டத்தைக் காட்டும்போது மேடைக்கு அருகில் இருந்து குறுகலாகக் காட்டினால் மைதானம் நிரம்பி வழியும். ட்ரோனில் இருந்து காட்டினால் காலி நாற்காலி தெரியும். கூட்டம் எவ்வளவு என்று அறிய இரண்டு சேனல்களின் அகலமான காட்சிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நேரமும் குறியுங்கள். தலைவர் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு எடுத்த படம் எதையும் நிரூபிக்காது.

விவாத மேடை

விவாதத்தின் தலைப்பைப் பாருங்கள். "ஆட்சியின் தோல்வியா? எதிர்க்கட்சியின் சதியா?" என்ற வடிவில் இருந்தால் மூன்றாவது சாத்தியம் வாசலிலேயே தடுக்கப்பட்டுவிட்டது. அடுத்து நாற்காலிகள். "அரசியல் விமர்சகர்", "மூத்த பத்திரிகையாளர்", "சமூக ஆர்வலர்" என்ற பட்டங்களுக்குப் பின்னால் இருப்பவரின் பெயரோடு கட்சிப் பெயரைச் சேர்த்துத் தேடினால், முன்பு எங்கே பொறுப்பில் இருந்தார் என்பது பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். கட்சிகள் சில நேரம் தங்கள் ஆட்களை அனுப்ப மறுக்கும். அப்போது அந்த நாற்காலியில் "ஆதரவாளர்" ஒருவர் உட்கார்வார். அவர் சொதப்பினால் கட்சிக்குப் பொறுப்பில்லை, நன்றாகப் பேசினால் லாபம்.

ஸ்டாப்வாட்ச் இங்கேதான் அதிகம் பயன்படும். ஒவ்வொருவரும் குறுக்கீடு இல்லாமல் பேசிய மிக நீண்ட நேரத்தைக் குறியுங்கள். மொத்த நேரம் சமமாக இருந்தும், ஒருவர் மட்டும் முக்கால் நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பேச முடியாமல் போயிருக்கலாம். நெறியாளர் யாரிடம் ஆதாரம் கேட்கிறார், யாரிடம் கேட்காமல் அடுத்தவருக்குப் போகிறார் என்பதையும் எழுதுங்கள். விவாதத்தில் இருந்து தகவல் பெறலாம் என்று நம்பி உட்கார வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஒவ்வொரு கட்சியும் இந்த வாரம் எந்த வாதத்தை எடுக்கப் போகிறது என்று அறிய மட்டும் அது உதவும்.

கருத்துக்கணிப்பு வந்தால் எத்தனை பேரிடம், எந்தத் தேதிகளில், யார் செலவில் என்று கேளுங்கள். இம்மூன்றும் திரையில் இல்லை என்றால் ஒதுக்கிவிடுங்கள். வாக்கு சதவீதத்தை இடங்களாக மாற்றும் கட்டத்தில்தான் பெரிய சறுக்கல் நடக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் பல வாக்குக்கணிப்புகள் தி.மு.க. கூட்டணி வெல்லும் என்றன. ஆட்சியைத் தக்கவைத்தது அ.தி.மு.க.

ஒரு செய்தியை முழுதாகப் பிரித்துப் பார்த்தால்

மேலூர் அருகே அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கம். 2024 நவம்பர் 7-ம் தேதி ஏல முடிவு வந்து ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதும் மூன்று கதைகள் ஓடின. மத்திய பா.ஜ.க. அரசுதான் காரணம் என்றது ஒன்று. தெரிந்தும் பல மாதம் மௌனம் காத்தது தி.மு.க. அரசு என்றது இன்னொன்று. நாடாளுமன்றத்தில் ஆதரித்தது அ.தி.மு.க. என்றது மூன்றாவது. ஒரே சேனலைப் பார்த்தவருக்கு இதில் ஒன்றோ இரண்டோதான் கிடைத்திருக்கும்.

ஆவணங்களை வரிசையாக எடுத்தால் படம் வேறு. 2023 ஆகஸ்டில் கனிமச் சட்டத்தைத் திருத்தி, முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. அந்த மசோதா மீது மாநிலங்களவையில் அ.தி.மு.க.வின் தம்பிதுரை பேசியது அவைக்குறிப்பில் இருக்கிறது. ஆதரித்தாரா, எந்த அளவுக்கு என்பதைத் தொகுப்பாளர் வாயால் கேட்காமல் அங்கேயே வாசிக்கலாம். 2023 அக்டோபர் 3-ல் மாநில அரசு, இந்த அதிகாரம் மாநிலங்களிடமே இருக்க வேண்டும் என்று மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. 2024 பிப்ரவரியில் ஏலம் அறிவித்ததில் இருந்து நவம்பரில் முடிவு வரும் வரை மாநிலத்திடம் இருந்து எதிர்ப்பு வரவில்லை என்றது சுரங்க அமைச்சகத்தின் செய்திக்குறிப்பு. டிசம்பர் 9-ல் சட்டமன்றத்தில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரியில் விவசாயிகள் மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. மூன்று கட்சியும் சொன்னதில் ஆளுக்கொரு துண்டு இருந்தது. மற்றவர் துண்டை வெட்டிவிட்டுக் காட்டியதில்தான் சாய்வு. மேலூர்க்காரர்கள் என்ன கேட்டார்கள் என்பது பல அறிக்கைகளில் இந்தச் சண்டைக்குப் பின்னால்தான் வந்தது.

பெரிய செய்தி எதற்கும் இதே போலத் தேதி வரிசையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எந்த சேனல் எந்தத் தேதியில் கதையைத் தொடங்குகிறது என்று பார்த்தால் யாரைக் காப்பாற்ற நினைக்கிறது என்பது புரிந்துவிடும்.

மறுபக்கம் எங்கே

கட்சி ஏடுகளை வாசியுங்கள். முரசொலி (தி.மு.க.), நமது அம்மா (அ.தி.மு.க.), தீக்கதிர் (மார்க்சிஸ்ட் கட்சி), விடுதலை (திராவிடர் கழகம்). கட்சிப் பத்திரிகையா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அதில் சாய்வு அட்டையிலேயே அச்சாகி இருப்பதால் ஏமாறும் வாய்ப்புக் குறைவு. உங்களுக்குப் பிடிக்காத தரப்பின் வாதத்தை எதிரியின் வாயால் கேட்காமல், அவர்களே சொல்லும் வலுவான வடிவத்தில் கேட்கலாம். வலதுசாரிப் பார்வைக்கு துக்ளக் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை, உங்கள் கருத்துக்கு நேர் எதிரான ஏட்டின் தலையங்கத்தை முழுதாகப் படிப்பது போதுமானது.

இரண்டு பெரிய கட்சிகளும் ஒருசேர ஒதுங்கும் செய்திகள் உண்டு. சாதிக் கொடுமை, மணல், கல்குவாரி. இவற்றில் ஆளும் தரப்பு சேனலும் எதிர்த்தரப்பு சேனலும் ஒரே மாதிரி அடக்கி வாசிப்பதால், இரண்டையும் பார்த்து நடுவைப் பிடிப்பவருக்கும் ஒன்றும் கிடைக்காது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது. 2025 ஜனவரியில் பாதிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. வி.சி.க.வும் இடதுசாரிகளும் அதை ஏற்கவில்லை. இப்படிப்பட்ட வழக்கில் தலித் இயக்கங்களின் அறிக்கை, இடதுசாரி ஏடுகள், உண்மை அறியும் குழுக்களின் அறிக்கை, நீதிமன்ற உத்தரவு ஆகிய நான்கையும் பக்கத்தில் வைக்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

மொழியைத் தாண்டியும் பாருங்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று இந்தி ஊடகங்களிலும் சமூக வலைத்தளங்களிலும் பரவியது. தொடர்பில்லாத பழைய காணொளிகள் இணைக்கப்பட்டிருந்தன. தமிழ்நாடு காவல்துறை மறுத்தது. பரப்பியதாக வழக்குகளும் பாய்ந்தன. தமிழ் சேனல் மட்டும் பார்த்தவருக்கு ரயில் நிலையங்களில் ஏன் கூட்டம் என்பது புரிந்திருக்காது. இந்தி சேனல் மட்டும் பார்த்தவர் பயந்துபோயிருப்பார். செய்தியின் மூன்று முக்கியச் சொற்களை மொழிபெயர்ப்புச் செயலியில் இந்திக்கு மாற்றி யூடியூபில் தேடி, தானியங்கி வசன வரியைப் போட்டுப் பாருங்கள். பெயர்களும் எண்களும் அந்த வசன வரியில் அடிக்கடி தவறாக வரும். அவற்றை மட்டும் எழுத்து வடிவச் செய்தியில் சரிபார்க்க வேண்டும்.

மூல ஆவணங்களில் அதிகம் பேர் தொடாத தங்கச்சுரங்கம், ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் தன் செலவுக்கு நிதி கேட்கும் மானியக் கோரிக்கையின்போது வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பு. தமிழிலேயே இருக்கும், அரசு இணையதளத்தில் இலவசம். ஒரு திட்டத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எத்தனை பேருக்குச் சேர்ந்தது என்பது அதில் இருக்கும். அதைக் குறுக்குச் சோதனை செய்ய, அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கை. விசாரணை ஆணைய அறிக்கைகளையும் விடாதீர்கள். 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டை டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அப்போதைய முதல்வர் பழனிசாமி. 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை அதைத் தவறு என்றது. அந்த மே மாதம் எந்த சேனல் என்ன சொன்னது என்று இப்போது திரும்பிப் பார்ப்பது, புதிதாக ஒரு வாரம் அளப்பதற்குச் சமம்.

உண்மை சரிபார்ப்புத் தளங்களைப் பயன்படுத்தும்போது அரசு நடத்தும் பிரிவுகளைத் தனியே வையுங்கள். மத்தியில் பத்திரிகை தகவல் அலுவலகத்தின் பிரிவு, தமிழ்நாட்டில் 2023-ல் அமைந்த பிரிவு. இவை அரசைப் பாதிக்கும் வதந்தியைச் சரிபார்க்கும். அரசே சொன்ன தவறான தகவலைச் சரிபார்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தனியார் தளங்களிலும் எந்தக் கட்சியின் கூற்றுகளை அதிகம் எடுக்கிறார்கள் என்று கடைசி முப்பது பதிவுகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தீர்ப்பும் சரியாக இருந்தும், எதைச் சரிபார்க்க எடுக்கிறார்கள் என்ற தேர்வு சாய்ந்திருக்கலாம்.

யூடியூபில் மாற்றுக் குரல்கள் ஏராளம், பொறுப்பு குறைவு. ஒரே வகைக் காணொளி வரிசை கட்டினால் பார்வை வரலாற்றை அழித்து, சேமிப்பதையும் நிறுத்துங்கள். அரசியல் தேடலை மறைநிலைச் (இன்காக்னிடோ) சாளரத்தில் செய்யுங்கள். "அதிர்ச்சித் தகவல்" என்ற தலைப்பில், பெயர் சொல்லாத "வட்டாரத்தை" மட்டும் நம்பி இருபது நிமிடம் பேசுபவரை, ஒரு மாதம் முன்பு அவர் சொன்ன கணிப்பை வைத்து எடைபோடுங்கள்.

புகார் கொடுப்பதானால்

"சேனல் ஒருதலைப்பட்சம்" என்று எழுதினால் குப்பைக்குப் போகும். தேதி, நேரம், நிகழ்ச்சி, எத்தனையாவது நிமிடம், சொன்ன வாக்கியம், அது தவறு என்பதற்கான ஆவணம் என்று எழுதுங்கள். 1994-ம் ஆண்டு கேபிள் தொலைக்காட்சி விதிகளின் 6-வது விதியில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறையில் எந்த உட்பிரிவு மீறப்பட்டது என்பதையும் குறிப்பிடுங்கள். முதலில் சேனலுக்கே அனுப்ப வேண்டும். 2021-ல் வந்த திருத்தத்தின்படி 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாளில் முடிவும் தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் அடுத்த 15 நாளுக்குள் அந்த சேனல் உறுப்பினராக உள்ள சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். தேசியச் செய்தி சேனல்கள் பலவற்றுக்கு அது என்.பி.டி.எஸ்.ஏ. (செய்தி ஒளிபரப்பு மற்றும் டிஜிட்டல் தர ஆணையம்); எல்லாத் தமிழ் சேனலும் அதில் உறுப்பினர் இல்லை என்பதால் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தாமதம்தான் பெரும்பாலான புகார்களைக் கொல்கிறது. சேனல்கள் ஒளிபரப்பின் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம நிபந்தனை. யூடியூபில் இருப்பதை எந்த நிமிடமும் நீக்கலாம். பார்த்த அன்றே திரைப்பதிவு எடுத்து, ஒளிபரப்பான ஒரு வாரத்துக்குள் மின்னஞ்சலை அனுப்பிவிடுங்கள்.